பிரேக்கருக்கு வைத்த பொட்டு

அந்தப் பொட்டை வைத்தவள் நான் அல்ல. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கேட்டவர்களுக்கு எப்போதோ அலுத்துவிட்டது. வாயால் சொல்லும்போது யாராவது பாதியிலேயே "விடுங்கக்கா" என்று குறுக்கே வந்துவிடுவார்கள். எழுதினால் அப்படிக் குறுக்கே வர முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மலேசியாவின் மலாக்காவில் ஒரு சிறிய விமானத் திடல். அங்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. பெரிய விமானங்கள் எதுவும் இல்லை. இரண்டு பேர், மிஞ்சினால் நாலு பேர் உட்காரக்கூடிய, மூக்கில் ஒற்றை விசிறி வைத்த சின்ன விமானங்கள். அவற்றின் மின்சார வேலைக்கெல்லாம் நான் பொறுப்பு. புக்கிட் பெருவாங் வீட்டிலிருந்து காலையில் கார் ஓட்டிப் போவேன். கையெல்லாம் கரியோடு திரும்பி வருவேன். நான் பிறந்தது புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். அங்கிருந்து பாலிடெக்னிக், பிறகு பல வருடம் எடுபிடி வேலை, பரீட்சைக்கு மேல் பரீட்சை என்று ஏறி, என் பெயர் போட்ட ஒரு ரப்பர் முத்திரையை வாங்கினேன். நாங்கள் அதைச் 'சாப்' என்போம். ஒரு விமானத்தின் வயர்களைப் பார்த்து, சரி, பறக்கலாம் என்று நான் சாப் அடித்தால்தான் அது விமானம் நிறுத்தும் கொட்டகையைவிட்டு வெளியே போகும். கல்யாணத்துக்குப் போட்ட நகையைக்கூட நான் அப்படிப் பத்திரப்படுத்தியதில்லை. அந்தச் சாப்பை என்னிடமிருந்து எப்படிப் பிடுங்கினார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அதற்கு முன் பிரேக்கர் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் மின்சாரப் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் சில சமயம் டக்கென்று விழுந்து வீடே இருட்டாகுமே, அதன் தம்பிதான் இது. விமானத்தில் ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் பலகையின் அடியில், வலது பக்கமாக, வரிசையாகக் கறுப்புப் பட்டன்கள் இருக்கும். சட்டைப் பொத்தான் அளவுதான். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண். எத்தனை ஆம்பியர் வரை அது பொறுத்துக்கொள்ளும் என்ற கணக்கு. விளக்குக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. எல்லாம் சரியாக இருந்தால் பட்டன்கள் உள்ளே அமுங்கியிருக்கும். வயரில் அளவுக்கு மீறிய கரண்டு ஓடினால், பட்டனுக்குள் இருக்கும் சின்னத் தகடு சூடாகி வளைந்து, பட்டனை வெளியே தள்ளிவிடும். அப்போது அதன் கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

ரேடியோவையோ விளக்கையோ காப்பாற்றத்தான் பிரேக்கர் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். படித்தவர்களும்தான். பிரேக்கர் காப்பாற்றுவது வயரை. ரேடியோ போனால் வேறு ரேடியோ மாட்டிக்கொள்ளலாம். வயர் எரிந்தால், பலகைக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில் எரியும். வீட்டில் வயர் எரிந்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடலாம். மேலே ரோடு இல்லை.

ஆகவே பட்டன் வெளியே வந்தால் பேசாமல் விட்டுவிட வேண்டும். இறங்குவதற்கு அந்தக் கருவி இல்லாமல் முடியாது என்றால் மட்டும், சூடு ஆறவிட்டு, ஒரே ஒரு முறை அமுக்கிப் பார்க்கலாம். மறுபடியும் வெளியே வந்தால் அதோடு சரி, தொடக் கூடாது. இறங்கியதும் எழுதி வைக்க வேண்டும். என்னிடம் சொல்ல வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் இதைச் சொல்வேன். "அமுக்கி அமுக்கிப் பாக்க இது காலிங் பெல் இல்ல லா" என்பேன். சிரிப்பார்கள். சிரித்தால் மறக்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

அவனும் சிரித்தான். அவன் மாணவன் இல்லை, விமானம் ஓட்டச் சொல்லித் தரும் பயிற்சியாளர். நாற்பதைத் தொடும் வயது. டவுனில் வளர்ந்தவன், ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். தோளில் பட்டை போட்ட வெள்ளைச் சட்டையில் அவன் கொட்டகைக்குள் நடந்து வரும்போது எனக்குள் ஒரு பூரிப்பு வரும். பொய் சொல்ல மாட்டேன். அந்தத் திடலில் விமானம் ஓட்டிய தமிழன் அப்போது அவன் ஒருவன்தான். நம்ம பையன் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். நானும், என்ஜின் வேலை பார்த்த ஓர் அண்ணனும். அந்த அண்ணனும் புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டுக்காரர்தான். என்னைவிட மூத்தவர், ஓய்வுபெறப் போகிறவர். அந்தப் பையனுக்கென்று நான் தோசையும் சம்பலும் கட்டிக்கொண்டு போன நாள் உண்டு. கொட்டகைக்குள் நான் அவனுக்கு அக்கா. மேலாளர் எதிரில் மட்டும் அக்கா காணாமல் போய்விடுவாள், டெக்னீஷியன் ஆகிவிடுவேன். நான் கவனிக்காமல் இல்லை. ஆபீஸ் மரியாதை, அப்படித்தான் பேசணும் என்று நானே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வரும். எஸ்டேட்டில் பால் சீவும் கத்திக்கும் லோரிக்கும் பொட்டு வைத்தவர்கள் நாங்கள். விமானத்துக்கு வைக்காமல் விடுவோமா? பள்ளியிலும் தடுத்ததில்லை. மேலாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் சுண்டலைக் கேட்டு வாங்கி இரண்டு கிண்ணம் சாப்பிடுவார். ஒரே சிக்கல், அனுமதி அட்டை இல்லாமல் திடலுக்குள் யாரும் வர முடியாது. கோயில் பூசாரிக்கு யார் அட்டை கொடுப்பார்கள்? அதனால் அவர் மினரல் வாட்டர் போத்தலில் தீர்த்தத்தை மந்திரித்துக் கொடுத்துவிடுவார், உள்ளே பூஜை செய்வது என் தலையில் விழும். கற்பூரம் ஏற்ற மாட்டோம். பெட்ரோல் புழங்கும் இடம். தட்டில் கற்பூரத்தைச் சும்மா வைத்துக் கும்பிட்டுவிட்டு, வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோய் ஏற்றுவோம். முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளி நசுக்குவோம். விசிறிக்கும் சக்கரத்துக்கும் மாவிலையால் தண்ணீர் தெளிப்பேன். சாமியிடம் எனக்கு இருக்கும் பக்தியைவிட மின்சாரத்திடம் இருக்கும் பயம் ஒரு படி அதிகம். ஆகவே விமானத்தின் உள்ளே ஒரு சொட்டும் தெளித்ததில்லை.

அந்த வருடம் அவன் வந்து நின்றான்.

"அக்கா, உள்ளயும் கொஞ்சம் தெளிங்க."

"தண்ணியா? உள்ளயா? ஒனக்கு என்னா பைத்தியமா? கரண்டு இருக்கிற எடத்துல நான் தண்ணி தெளிப்பனா?"

"தாப்பா லா அக்கா, பரவால்ல. அப்ப குங்குமம் குடுங்க. காஞ்சதுதானே."

கிண்ணத்தை நீட்டினேன். மோதிர விரலால் தொட்டுக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே குனிந்தான். அண்ணன் அவன் பக்கத்தில் நின்று கதவைப் பிடித்திருந்தார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டு சிரித்தார்கள். நான் அதற்குள் அடுத்த விமானத்தின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போய்விட்டேன். அவன் எங்கே பொட்டு வைத்தான் என்று பார்க்கவில்லை. சாமி கும்பிடுகிறவன் கையை யார் வேவு பார்ப்பார்கள்?

பூஜை முடிந்த அதே வாரத்தில், அவன் ஒரு மாணவனை ஏற்றிக்கொண்டு தரையிறங்கப் பழக்கினான். தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பிலிருந்து ஒரு தகடு கீழே சாயும்; ஃபிளாப் என்று பெயர். வேகத்தைக் குறைத்து விமானத்தை மெதுவாக இறக்குவதற்கு அது. அதைச் சாய்ப்பது ஒரு மோட்டார், அந்த மோட்டாருக்கும் ஒரு பிரேக்கர். அன்று நாங்கள் வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அந்த விமானம் ஃபிளாப் இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, நேராக வந்து இறங்கியது. ஓடுபாதையின் ஓரத்தில் நின்றதும் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. உள்ளேயிருந்து புகை வந்தது.

நாங்கள் தீயணைப்புச் சிலிண்டரோடு ஓடினோம். யாருக்கும் அடிபடவில்லை. புகை வந்தவுடன் மொத்தக் கரண்டையும் நிறுத்திவிட்டு, ரேடியோ இல்லாமல், ஃபிளாப் இல்லாமல் இறக்கியிருந்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அழகாகத்தான் இறக்கினான். மாணவன் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். நான் தண்ணீர் கொடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டன் வெளியே வந்தது, கேப்டன் அமுக்கச் சொன்னார், அமுக்கினேன், மறுபடி வந்தது, மறுபடி அமுக்கச் சொன்னார் என்று ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னான். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, தனக்கு எதுவும் சரியாக ஞாபகம் இல்லை என்றான். அவனுடைய பறக்கும் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க வேண்டியவனே அந்தப் பயிற்சியாளன்தான். பிறகு அந்தப் பிள்ளைக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

அன்று மாலையே பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பட்டன்களிலிருந்து ஒரு முழம் தள்ளி, பின்னால் போகும் வயரை ஒரு கவ்வி பிடித்திருக்கும். அந்தக் கவ்விக்குள் இருந்த ரப்பர் காய்ந்து கழன்று விழுந்திருந்தது. வயர் ஓர் இரும்புச் சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்து, என்ஜின் அதிரும்போதெல்லாம் உரசி உரசி, மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. செம்பு இரும்பைத் தொடும்போதெல்லாம் கரண்டு குபீரென்று பாயும், பட்டன் வெளியே குதிக்கும். குதிக்கத்தான் வேண்டும். அதன் வேலையே அதுதான். அதைத் திரும்பத் திரும்ப உள்ளே அமுக்கினால் எரிய வேண்டியது எரியும். வயர் ஒரு சாண் நீளத்துக்குக் கருகியிருந்தது.

இது ஒரே நாளில் வருகிற தேய்மானம் அல்ல. அந்தப் பட்டன் பல நாளாகவே வெளியே வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, கொட்டகைப் பக்கம் போகிற போக்கில், "அக்கா, அந்த ஃபிளாப் பட்டன் குதிக்குது" என்று சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கே திறந்து பார்த்திருப்பேன். தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்திருப்பேன். ஆனால் நான் திறந்தால் விமானம் அன்று நிற்கும், அவனுடைய வகுப்பு நிற்கும். அவனுக்கு வகுப்பு நிற்கக் கூடாது. எத்தனை மணி நேரம் பறந்தான் என்பதைத்தானே பெரிய கம்பெனிகள் கேட்கின்றன.

மேலாளர் அறையில் எங்களைக் கூப்பிட்டார்கள். மேலாளர், அவன், அண்ணன், நான். மேசையில் ஒரு படம். பட்டன் வரிசையை யாரோ கிட்டத்தில் பிடித்திருந்தார்கள். கறுப்புப் பட்டன்களுக்கு நடுவில் ஒரு பட்டனின் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு. ஃபிளாப் பட்டன்.

இது என்ன என்று மேலாளர் கேட்டார். பதில் சொன்னவன் அவன். நல்ல ஆங்கிலம் அவனுக்கு. ஒவ்வொரு வருடமும் எங்கள் டெக்னீஷியன்தான் மதச் சடங்கு நடத்துவார், தண்ணீர் தெளிப்பார், பொடி வைப்பார், அதில் ஏதாவது உள்ளே போயிருக்கலாம் என்று நினைக்கிறேன் என்றான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் முழுப் பொய் இல்லை. அதுதான் என்னை எரித்தது. பூஜை நடத்தியது நான். தண்ணீர் தெளித்தது நான். குங்குமம் என் கிண்ணத்துக் குங்குமம்.

நான் கருகிய வயரை எடுத்து மேசையில் வைத்தேன். எரிந்தது இங்கே, பட்டன் அங்கே என்று கையால் அளந்து காட்டினேன். உள்ளே தண்ணீர் தெளிக்கவே இல்லை, அந்தப் பொடி காய்ந்த பொடி, பட்டனின் வெளித்தலையில் இருக்கிறது, அது ஒரு முழம் நடந்து போய் வயரைக் கடிக்காது என்றேன். மேலாளர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியாக இந்த விமானத்தைச் சோதித்துச் சாப் அடித்தது யார் என்று கேட்டார். நான்தான். அப்போது அந்த ரப்பர் நன்றாக இருந்தது. இரண்டு சோதனைக்கு நடுவில் ரப்பர் காயும், வயர் தேயும். அது தெரிந்துதானே பட்டனை வைத்தார்கள், வெளியே வந்தால் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறோம் என்றேன். அப்படி யாரும் எதுவும் சொன்னதாகப் பதிவு இல்லையே என்றார். இல்லைதான். சொல்லவில்லை என்பதுதானே என் புகார்!

படத்தை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் வீட்டில் எதற்குத் தனியாகப் பொட்டு வைப்போம்? விமானத்தின் மூக்கில் வைக்கலாம், சக்கரத்தில் வைக்கலாம். பலகையில் வைப்பதென்றால் நடுவில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைப்போம். அத்தனை பட்டன்களைத் தாண்டிக் கையை நுழைத்து, ஒரே ஒரு பட்டனின் தலையில் ஒருவன் பொட்டு வைக்கிறான் என்றால், அது அவனைப் படுத்துகிறது என்று பொருள். ஓயாமல் நிற்கும் லோரிக்கு, அடிக்கடி சீக்கில் விழும் பிள்ளைக்கு, நாம் தனியாகக் கேட்டு வைப்பது போல. இனிமேலாவது ஒழுங்காக இரு என்று வைப்பது. என்னிடம் சொல்ல வேண்டியதை அவன் சாமியிடம் சொல்லியிருக்கிறான்.

ஆங்கிலத்தில் கேட்டேன்: "இத்தனை பட்டன் இருக்கும்போது, ஏன் இந்த ஒன்றுக்கு மட்டும் பொட்டு? இதை வைத்தவருக்கு, தொந்தரவு எதில் என்று முன்பே தெரியும்."

மேலாளருக்கு அது புரியவில்லை. அவருக்கு அது ஒரு சிவப்புக் கறை. எங்கே இருந்தாலும் கறைதான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அறையில் அந்தப் பொட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். அவன் தன் பேனாவைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். தமிழிலேயே கேட்டேன்.

"அண்ணே, நீங்கதானே கதவைப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க. யாரு வெச்சா, என்னா சொல்லி வெச்சான்னு சொல்லுங்கண்ணே."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் கவனிக்கலம்மா" என்றார்.

முடிவு அடுத்த வாரம் வந்தது. மின்பலகையில் ஈரமும் வெளிப்பொருளும் புகுந்ததே காரணம் என்று தீர்த்துவிட்டார்கள். சாப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மேலாளர் மேசையில் அதை வைத்தபோது அடியில் நீல மை காயாமல் இருந்தது. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள்; டயரும் திருகாணியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆயுத பூஜையும் அதோடு நின்றது. அவன் வழக்கம்போலப் பறந்தான்.

அந்த முடிவு வந்த அன்று, வேலை விட்டதும், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார்.

"மனசு கேக்கலம்மா. அவன் அன்னிக்கி அந்தப் பட்டனக் காட்டிச் சொன்னான். 'இவன்தான்ணே ரொம்பப் படுத்துறான், அமுக்கி அமுக்கிக் கைவலியே வந்துருச்சி, சாமி பாத்துக்கட்டும்'னு சொல்லித்தான் வெச்சான்."

"அத ஏண்ணே உள்ள சொல்லல?"

"எப்பிடிம்மா சொல்றது? நம்ம பையன் ஒருத்தன் இவ்ளோ மேல வந்துருக்கான். மத்தவங்க முன்னால அவன நாமளே கீழ இழுத்துப் போடலாமா? நாளைக்கி நம்ம புள்ளைங்களுக்கு யாரு இங்க எடம் குடுப்பா?"

"அப்ப நான் யாரு வீட்டுப் பொண்ணுண்ணே?"

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். வாரைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "ஒனக்கென்னாம்மா, நீ கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழச்சிக்குவே."

அவன் செய்ததைவிட இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அவன் பயத்தில் செய்தான், தன் காரியத்துக்காகச் செய்தான். அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அண்ணன் நல்லவர். நல்லவராக இருந்துகொண்டே, நம்மவன் என்ற ஒரு வார்த்தைக்காக என்னைத் தூக்கிக் கொடுத்தார். நம்மவன் என்றால் அவன். நம்மவள் என்று ஒரு சொல் அவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என் காதுபடவே பேசினார்கள். நம்ம பையனைக் காட்டிக் கொடுக்கப் பார்த்தாளாம். பொறாமையாம். ஒரு பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு என்று முதல் நாளே கேட்டவர்கள், இப்போது "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்கள்.

ஸ்டோரில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தேன். என் சாப் இல்லாத விமானம் என் முன்னால் உருண்டு வெளியே போவதை நின்று பார்க்க எனக்குச் சக்தி இல்லை. விலகிவிட்டேன். அண்ணன் சொன்னபடியே பிழைத்துக்கொண்டேன். கிளேபாங் கடற்கரையில் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வயர் இழுக்கிறேன், விளக்குப் போடுகிறேன். ஐஸ் பெட்டியும் அரைக்கிற மிஷினும் ஒரே வயரில் மாட்டி வைத்துக்கொண்டு, பிரேக்கர் விழுந்தால் ஒரு குச்சியால் தூக்கித் தூக்கி விடுகிறவர்கள் அவர்கள். நான் கத்துவேன். ஆனால் அவர்கள் என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். "அக்கா, விழுந்துகிட்டே இருக்கு, வந்து பாருங்க" என்கிறார்கள். பட்டை போட்ட சட்டைக்குத் தெரியாத மரியாதை அது.

போன வருடம் ஒரு மத்தியானம், தேங்காய் ஐஸ் விற்கும் கடையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து குரல்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

அவன்தான். கறுப்புக் கண்ணாடி. கையில் பழப் பை. நான் இறங்கவில்லை.

"பெரிய கம்பெனியில கூப்பிட்டுருக்காங்கக்கா. இன்டர்வியூ. கரண்டு பத்தி, பிரேக்கர் பத்தியெல்லாம் கிண்டிக் கிண்டிக் கேப்பாங்களாம். நீங்க சொல்ற மாதிரி எவனும் சொல்லித் தர மாட்டான்க்கா. ஒருவாட்டி சொல்லுங்க."

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு என்னவெல்லாம் தோன்றியது என்று எழுதினால் நான் நல்ல பெண்பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"மொதல்ல நீ சொல்லு. ஏன் அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் பொட்டு வெச்சே?"

அவன் கண்ணாடியைக் கழற்றவில்லை. கடல் பக்கம் திரும்பினான். "அதெல்லாம் பழைய கதைக்கா. விடுங்க லா."

மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. போடா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்று யோசித்தேன். இவன் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவான். நான் சொல்லாவிட்டால் புத்தகத்தை மனப்பாடம் செய்தாவது சேர்ந்துவிடுவான். அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஆட்கள் உட்காருவார்கள். கைக்குழந்தையோடு இருப்பார்கள். அவர்களுக்காகக் கீழே இறங்கினேன். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வயரைத்தான் காப்பாற்றுகிறது, கருவியை இல்லை என்று சொன்னேன். ஆறவிட வேண்டும் என்று சொன்னேன். கடைசியில் கேள்வியும் கேட்டேன்.

"பட்டன் வெளிய வருது. அவசியமில்லாத கருவி. என்னா செய்வே?"

"தொட மாட்டேன்க்கா."

"அவசியமான கருவின்னா?"

"சூடு ஆறவிட்டு ஒரே ஒருவாட்டி. மறுபடி வந்தா விட்டுருவேன்."

"எறங்கினதும்?"

"எழுதி வெப்பேன். டெக்னீஷியன்கிட்ட சொல்லுவேன்."

டெக்னீஷியன் என்று சொன்னவன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். எல்லாம் சரியான பதில். பழப் பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான். கடைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அண்ணன் மோட்டார் சைக்கிளில் கிளேபாங்குக்கே தேடிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்றுவிட்டார், இளைத்துப் போயிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம பையனுக்கு வேலை கெடச்சிருச்சிம்மா! பெரிய பிளேன் ஓட்டப் போறான். கோயில்ல அர்ச்சனை வெச்சான். ஒனக்கும் பிரசாதம் குடுத்து விட்டான், அக்காகிட்ட கண்டிப்பா சேத்துருங்கன்னு."

சட்டைப் பையிலிருந்து வாழையிலைத் துண்டில் மடித்த சின்னப் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். கொஞ்சம் விபூதி, கொஞ்சம் குங்குமம்.

பழையபடி மடித்து அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"அவன்கிட்டயே குடுத்துருங்கண்ணே. இத எங்க வெக்கணும்னு அவனுக்குத் தெரியும்."

அண்ணனுக்குப் புரிந்தது. அன்று மேலாளர் அறையில் குனிந்தது போலவே தலையைக் குனிந்துகொண்டு, பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.